எண்ணிப் பார்த்த காய்

பிபனாசி எண்களை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் நான் ஒரே மாதிரிதான் தொடங்குவேன். 1, 1, 2, 3, 5, 8, 13 என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, சூரியகாந்திப் பூவிலும் அன்னாசிப் பழத்திலும் இந்த எண்கள் இருக்கின்றன என்பேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஜூலையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "நீங்க எண்ணிப் பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் எண்ணியதில்லை. பதினேழு ஆண்டுகளாகப் புத்தகத்தில் இருந்ததைச் சொல்லி வந்திருக்கிறேன்.

கடையில் ஓர் அன்னாசி வாங்கி எண்ணியிருக்கலாம். ஆனால் நான் இருப்பது கோத்தகிரி அருகே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1800 மீட்டர் உயரத்தில். என் மாணவர்களின் வீடுகளில் முட்டைக்கோசும் கேரட்டும் விளைகின்றன. அவர்களுக்குத் தெரிந்த குடும்பத்துக் காய் ஒன்றில் காட்ட வேண்டும் என்று ஆசை. அப்படித் தேடியபோது கிடைத்ததுதான் ரோமனெஸ்கோ புரோக்கோலி. இத்தாலியில் ரோம் நகரைச் சுற்றியுள்ள பகுதியின் காய் இது. பெயரில் புரோக்கோலி இருந்தாலும் காலிஃபிளவருக்கே நெருங்கிய உறவு. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் எல்லாமே பிராசிக்கா ஒலரேசியா என்னும் ஒரே இனம்தான். ரோமனெஸ்கோவின் பூத்தலை இளம்பச்சை நிறக் கூம்பு. அதன்மேல் சின்னக் கூம்புகள், அவற்றின்மேல் இன்னும் சின்னக் கூம்புகள். அவை சுருள் சுருளாக அடுக்கப்பட்டிருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும்.

முதல் ஆண்டு முழுத் தோல்வி. ஆகஸ்ட் நடுவில் குழித்தட்டில் விதைத்தேன். விதை பார்க்கக் கடுகு போலவே இருக்கும். கடுகுக் குடும்பம் ஆயிற்றே. ஒரு வாரத்தில் முளைத்தது. செப்டம்பர் இறுதியில் நட்டிருக்க வேண்டும். காலாண்டுத் தேர்வு, விடைத்தாள் திருத்தம், மதிப்பெண் பதிவு என்று நாள் ஓடியது. அக்டோபர் நடுவில் நட்டபோது நாற்றுக்கு 60 நாள் வயது. டிசம்பரில் செடி முழங்கால் உயரம்கூட வரவில்லை. நடுவில் எலுமிச்சை அளவில் ஒரு பூத்தலை, அதுவும் பிரிந்து கிடந்தது. பன்னிரண்டு செடியிலும் இதே கதை.

உரம் போதவில்லை என்று நினைத்தேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணா ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினார். குழித்தட்டின் வடிவத்திலேயே வேர் சுருண்டு இறுகியிருந்தது. காலிஃபிளவர் வகைச் செடிக்கு ஒரே ஒரு தலைதான். தலை எவ்வளவு பெருக்கும் என்பதை அதற்கு முன் விட்ட இலைகள்தான் தீர்மானிக்கின்றன. குறுகிய குழியில் வேர் அடைபட்டால் இலை வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் செடிக்கு வயது ஏறிக்கொண்டே போகும். குளிரும் சேர்ந்ததும், இருக்கும் நான்கைந்து இலையை வைத்துக்கொண்டு தலை விட்டுவிடும். பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் பயனில்லை.

அடுத்த ஆண்டு பள்ளி நாள்காட்டியைப் பார்த்துத்தான் விதைத்தேன். ஆகஸ்ட் கடைசி வாரம் விதைத்தால் 35 நாளில், காலாண்டு விடுமுறையில், நாற்று நான்கைந்து இலையோடு தயாராக இருக்கும். ஆசிரியர் வேலையில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு இல்லை.

விதைப்பதற்கு முன்பே மண்ணைக் கவனிக்க வேண்டியிருந்தது. மலை மண் புளிப்பு மண். பள்ளி ஆய்வகத்துப் பி.எச். தாளை வைத்துப் பார்த்தேன். 5-க்கும் 6-க்கும் இடையில் காட்டியது. இப்படிப்பட்ட மண்ணில் கோஸ் வகைகளின் வேர்கள் விரல் விரலாக வீங்கும் நோய் வரும். வெயிலில் செடி வாடும், மாலையில் நிமிரும். பிடுங்கினால்தான் காரணம் தெரியும். வந்தபின் மருந்தில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். மண்ணின் புளிப்பைக் குறைப்பதே வழி. தேயிலைத் தோட்டங்களுக்கு வாங்கும் டோலமைட்டைச் சதுர மீட்டருக்கு 300 கிராம் வீதம் தூவிக் கொத்திவிட்டேன். நடுவதற்கு ஒரு மாதம் முன்பாவது இதைச் செய்ய வேண்டும்.

குழித்தட்டில் மக்கிய தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சம அளவு. விதையை அரை அங்குலத்துக்கு மேல் ஆழமாகப் போட வேண்டாம். முளைத்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். நிழலில் வைத்தால் நாற்று நெட்டையாக வளர்ந்து சாயும். தண்ணீர் அதிகமானால் அடித்தண்டு அழுகும். 16 விதையில் 14 முளைத்தன. நல்லதாகப் பன்னிரண்டை எடுத்து, இரண்டடி இடைவெளியில் நட்டேன். இரண்டடி என்பது நாற்றாக இருக்கும்போது வீணாகத் தோன்றும். நவம்பரில் இலைகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தன.

பூச்சிகளில் பெரிய எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சி. இலையின் அடியில் சிறிய பச்சைப் புழு. தொட்டால் நூல் விட்டுத் தொங்கும். இலையைத் தின்னும்போது மேல்தோலை மட்டும் விட்டுவைப்பதால் கண்ணாடிச் சன்னல் போலத் திட்டுகள் தெரியும். நடுவதற்கு இரு வாரம் முன்பே ஓரத்தில் ஒரு வரிசை கடுகு விதைத்திருந்தேன். அந்துப்பூச்சிகள் கடுகை நாடி வந்து முட்டையிடுகின்றன. மீதியை வாரம் இரு முறை கையால் பொறுக்கினேன், ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலும் தெளித்தேன். வீட்டுத் தோட்டத்துக்கு இது போதும்.

போரான் குறைந்தால் தண்டு உள்ளே பொந்தாகித் தலை பழுப்பாகும். லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் போராக்ஸ் கலந்து தெளித்தேன். அளவு கூடினால் செடிக்கு அதுவே நஞ்சு, ஆகவே கண்ணளவு வேண்டாம். ஒரு செடியை மட்டும் விட்டுவிட்டேன் போலும், அது பொந்தாகிவிட்டது. இன்னும் மூன்று செடிகள் காட்டெருமைக்குப் போயின. வேலியை அது தாண்டவில்லை, அப்படியே சாய்த்துவிட்டு வந்தது. அதற்கு என்னிடம் ஆலோசனை எதுவும் இல்லை.

டிசம்பர் நடுவில் இலைகளுக்கு நடுவே நாணய அளவில் பச்சைக் கூம்பு தெரிந்தது. வெள்ளைக் காலிஃபிளவருக்குச் செய்வது போல இலையை மடித்துக் கட்டத் தேவையில்லை. பொங்கலுக்கு முந்தைய வாரம் எட்டுத் தலைகளை அறுத்து, சுற்றிலும் நான்கு இலை விட்டு, பள்ளிக்கு எடுத்துப் போனேன். கேள்வி கேட்ட மாணவி அப்போது ஒன்பதாம் வகுப்பு.

குழுவுக்கு ஒரு காய். சுருளை விரலால் எண்ணினால் 12, 13, 14 என்று ஆளுக்கொரு விடை வரும். ஒவ்வொரு சுருளும் தொடங்கும் கூம்பில் ஒரு குண்டூசி குத்தி, ஓரமாகச் சுற்றி வந்து ஊசிகளை எண்ணச் சொன்னேன். பிறகு எதிர்ப்பக்கச் சுருளுக்கு வேறு நிற ஊசி. ஏழு காய்களில் ஒரு பக்கம் 8, மறு பக்கம் 13. நான்கில் 13 வலமாகவும் மூன்றில் இடமாகவும் சுழன்றன.

எட்டாவது குழு 7, 11 என்றது. மறுபடி எண்ணச் சொன்னேன். மீண்டும் 7, 11. தவறாக எண்ணுகிறார்கள் என்று நானே உட்கார்ந்து எண்ணினேன். 7, 11. இரண்டும் பிபனாசி எண்கள் அல்ல. காய் சரியாக வளரவில்லை என்று சொல்லி எடுத்து வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டவள் முன் வரிசையில் இருந்தாள். பலகையில் மற்றவற்றோடு அதையும் எழுதினேன்.

பின்னோக்கிக் கழித்துப் பார்க்கச் சொன்னேன். 11-இல் 7 போனால் 4. 7-இல் 4 போனால் 3. 4-இல் 3 போனால் 1. நேராக எழுதினால் 1, 3, 4, 7, 11, 18. விதி அதேதான்: முந்தைய இரண்டின் கூடுதல் அடுத்த எண். தொடக்கம் மட்டும் வேறு. 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்காவின் பெயரால் இவற்றை லூக்கா எண்கள் என்கிறார்கள். தாவரங்களில் அரிதாகவே வருபவை. அடுத்தடுத்த மொட்டுகளுக்கு இடையிலான கோணம் வழக்கமாக 137.5 டிகிரி; லூக்கா வரிசையில் சுமார் 99.5 டிகிரி. அன்றைய பாடவேளை முடிந்தும் யாரும் எழவில்லை.

கூம்பின்மேல் கூம்பு ஏன் என்பதற்கு 2021-இல் 'சயின்ஸ்' இதழில் பிரான்சுவா பார்சி, கிறிஸ்டோஃப் கோடின் ஆகியோரின் குழு விளக்கம் தந்தது. காலிஃபிளவரில் ஒவ்வொரு மொட்டும் பூவாக முயன்று முடியாமல் தண்டாகிறது. அந்தத் தண்டு விடும் மொட்டுகளும் அப்படியே. ரோமனெஸ்கோவில் மொட்டுகள் தோன்றும் வேகமும் போகப் போகக் கூடுவதால் கூர்மையான கூம்பு உண்டாகிறது. பூக்காத மொட்டுகளைத்தான் நாம் பொரியல் செய்கிறோம். ஐந்து நிமிட ஆவி போதும். அதிகமாக வெந்தால் குழைந்துவிடும்.

சமவெளியில் இருக்கும் ஆசிரியர்கள் இதை விதைத்து நாளை வீணாக்க வேண்டாம். வெப்பநிலை 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால்தான் தலை இறுகும். சந்தையில் கிடைக்கும் அன்னாசியோ, காய்ந்த சூரியகாந்தித் தலையோ, இரண்டு நிறக் குண்டூசியோடு போதும். மலையில் இருப்பவர்கள் டோலமைட்டை ஆகஸ்ட் இறுதியில், விதைக்கும் வாரத்திலேயே, தூவிவிட்டால் நடும்போது மண் தயாராக இருக்கும். வேலியைக் கொஞ்சம் பலமாகப் போடுங்கள்.