போர்த் தந்திரமும் வாணிபமும்

பகைவனின் படையை வெல்வதற்கு முன் அவன் மனத்தை வெல்லவேண்டும் என்பது பண்டைச் சீனரின் போர்க்கலைக் கொள்கை. சன் சூ என்பவர் பெயரால் வழங்கும் பழைய போர்க்கலை நூல் 13 அத்தியாயங்களை உடையது. போரின் அடிப்படையே ஏமாற்று என்னும் கருத்து அதன் முதல் அத்தியாயத்திலேயே காணப்படுகிறது. 1772-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்து ஐரோப்பியருக்கு அறிமுகமான இந்நூலை இக்காலத்து வியாபார நிர்வாகிகளும் ஆர்வத்துடன் படிக்கின்றனர். போர்க்களத்துத் தந்திரம் கடைவீதிக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வோம்.

முதலில் போர்க்களத்தைக் காண்போம். கி.மு. 341-ஆம் ஆண்டையொட்டி ச்சி நாட்டுக்கும் வெய் நாட்டுக்கும் போர் மூண்டது. ச்சி நாட்டார் கோழைகள் என்பது வெய் படைத்தலைவன் பாங் ஜுவானின் எண்ணம். ச்சி நாட்டின் போர் ஆலோசகர் சன் பின் அவ்வெண்ணத்தை மாற்ற முயலவில்லை; அதையே வளர்த்தார். வெய் நாட்டுக்குள் புகுந்த முதல் நாள், 100,000 பேருக்குச் சமைக்கத்தக்க அடுப்புகளை மூட்டச் செய்தார். மறுநாள் அது 50,000 பேருக்கு உரியதாயிற்று. மூன்றாம் நாள் 30,000 பேருக்கு உரியதாகச் சுருங்கிற்று. பின்தொடர்ந்து வந்த பாங் ஜுவான் அடுப்புகளை எண்ணி, எதிரியின் வீரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஓடிவிட்டனர் என மகிழ்ந்தான். காலாட்படையைப் பின்னே விட்டுச் சிறுபடையுடன் விரைந்தான். மாலிங் என்னும் குறுகிய வழியில் மறைந்திருந்த வில்லாளர்கள் அப்படையை அழித்தனர்.

இங்கே ஏமாற்றியவை அடுப்புகள் அல்ல. பாங் ஜுவான் முன்னரே நம்பியிருந்த நம்பிக்கையே அவனை ஏமாற்றியது. இஃது எல்லாத் தந்திரங்களுக்கும் வேராகும்.

இதே வேரினின்று முளைத்த வாணிபத் தந்திரம் ஒன்று ‘குவான்சி’ என்னும் நூலில் உள்ளது. ச்சி நாட்டு அமைச்சர் குவான் சோங் கி.மு. 645-இல் மறைந்தவர். அவர் பெயரால் பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட நூலாதலின், இதை வரலாறு என்பதைவிடப் பாடம் எனக் கொள்வதே தகும்.

லூ, லியாங் என்னும் அண்டை நாட்டு மக்கள் தடித்த பட்டுத்துணி நெய்வதில் வல்லவர்கள். குவான் சோங் தம் அரசரை அத்துணியையே உடுத்தச் செய்தார். மக்களும் அரசரைப் பின்பற்றினர். ஆனால் ச்சி நாட்டில் எவரும் அதை நெய்யலாகாது எனக் கட்டளை பிறந்தது. கொண்டுவந்த துணிக்குப் பொன் வாரி வழங்கப்பட்டது. ஆசையால் அண்டை நாட்டார் ஏரை விட்டுத் தறியைப் பற்றினர். 13 மாதங்களுக்குப் பின் ச்சி அரசர் வேறு துணிக்கு மாறினார், எல்லைகள் அடைக்கப்பட்டன. துணியை வாங்குவார் இல்லை. நிலத்தில் விளைச்சலும் இல்லை. மீண்டும் உழத் தொடங்கினாலும் பயிர் உடனே விளையுமா? ச்சி நாட்டில் 10 காசு விற்ற தானியத்துக்கு அவர்கள் 1000 காசு கொடுக்க நேர்ந்தது என்று நூல் கணக்குக் கூறுகிறது. முடிவில் இரு நாடுகளும் ச்சி நாட்டுக்குப் பணிந்தன.

நெய்வோரும் விளைப்போரும் இக்கதையை இருமுறை படித்தல் நன்று. விலை வழக்கத்துக்கு மிஞ்சி உயரும்போது, ‘இவ்விலை கொடுப்பதால் வாங்குவோனுக்கு என்ன ஆதாயம்?’ என்று கேட்கவேண்டும். ஒரே சரக்கு, ஒரே கொள்முதல்காரர் என்ற நிலை எத்துணை இனிப்பாயினும் அபாயமானது. சிறிதளவேனும் வேறு சந்தையும், உண்ணும் தானியமும் கைவசம் இருத்தல் வேண்டும்.

அப்படியாயின் நாமும் இத்தந்திரங்களைக் கையாளலாமா? இங்கே ஒரு வரம்பு உண்டு. நம் கையிருப்பையும், எந்த விலை வரை இறங்குவோம் என்பதையும் பிறரிடம் சொல்லாதிருப்பது அடக்கம். ஆனால் 40-ஆம் நம்பர் நூலில் நெய்ததை 60-ஆம் நம்பர் என்று விற்பது மோசடி. மாலிங்கில் ஏமாந்தவன் திரும்பி வரவில்லை. சந்தையில் ஏமாந்தவனோ திரும்பி வருவான், அல்லது பத்துப் பேரிடம் சொல்லுவான். போர் ஒரு நாளில் முடியும். வாணிபம் நாள்தோறும் நடப்பது. ஆதலின் சீனரின் தந்திரங்களை நாம் கற்கவேண்டுவது பிறரை ஏமாற்றுவதற்கன்று, நாம் ஏமாறாதிருப்பதற்கே.