பிரெஞ்சு நாவலில் ஒரு தங்கவயல்!

பிரெஞ்சு நாவலுக்கும் கோலார் தங்கவயலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

நான் பெரிய படிப்பாளி அல்ல. பெங்களூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் குமாஸ்தா. வீடு தங்கவயலில். காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்தால் சுமார் 100 கிலோமீட்டர். மாலையில் திரும்பவும் அதே தூரம். 2001-ம் ஆண்டில் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இதுதான் பிழைப்பு. ரயிலில் உட்கார இடம் கிடைத்தவர்கள் சீட்டு விளையாடுவார்கள். மற்றவர்கள் நின்றபடியே தூங்குவார்கள். எனக்குச் சீட்டும் வராது, தூக்கமும் வராது. எனவே படிக்கத் தொடங்கினேன்.

அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடைகளில் பிரெஞ்சு நாவல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் மலிவாகக் கிடைக்கும். மடியில் நாவல், பையில் லிப்கோ அகராதி. இப்படியே சில ஆண்டுகள் ஓடின.

ஏழை படும் பாடு

முதலில் வாங்கியது விக்டர் ஹியூகோவின் "லே மிசரபிள்". 1862-ல் வெளிவந்த இந்த நாவல் நமக்குப் புதிதல்ல. கவியோகி சுத்தானந்த பாரதியார் இதை "ஏழை படும் பாடு" என்று தமிழில் தந்தார். 1950-ல் அதே பெயரில் சினிமாவாகவும் வந்தது. நாகையா நடித்த படம். அதில் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமன், கடைசிவரை "ஜாவர்" சீதாராமனாகவே இருந்தார்! என் அப்பா சின்ன வயதில் டூரிங் டாக்கீசில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். "ரொட்டி திருடின கதைதானே?" என்றார்.

ரொட்டி திருடின கதைதான். ஆனால் கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு வேறு ஒன்று பட்டது. ஒரு ரொட்டிக்காகவும், தப்பி ஓட முயன்றதற்காகவும் மொத்தம் 19 ஆண்டுகள் சிறையில் கிடந்த ஜீன் வால்ஜீன், விடுதலையாகும்போது கையில் வாங்கிய கூலி 109 பிராங்கு 15 சூ. (20 சூ சேர்ந்தால் ஒரு பிராங்கு.) தனக்கு அதைவிட அதிகம் வர வேண்டும் என்று அவன் மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்கும் பண்டிகை நாளுக்கும் கூலி பிடித்துவிட்டார்கள்! கைதி விரும்பியா லீவு எடுத்தான்? அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். லாஸ் ஆப் பே போட்ட சம்பளப் பட்டியல்களை எத்தனை முறை நானே எழுதியிருக்கிறேன்!

கையில் பணம் இருந்தும் அவனுக்குச் சோறு கிடைக்காது, படுக்க இடம் கிடைக்காது. முன்னாள் கைதி என்று சொல்லும் மஞ்சள் சீட்டு அவனிடம் இருக்கிறது. விடுதிக்கு விடுதி கதவை அடைக்கிறார்கள். வேற்றூரில் வாடகைக்கு அறை கேட்டு, "எந்த ஊர், என்ன ஜனம்" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி அலைந்தவர்களுக்கு அந்த இரவு புரியும்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். கதை நல்ல சூட்டில் போகும்போது ஹியூகோ அதை நிறுத்திவிட்டு வாட்டர்லூ போரைப் பக்கம் பக்கமாக வர்ணிப்பார். பாரிஸ் நகரத்துச் சாக்கடையின் வரலாறும் அப்படித்தான். நான் தாராளமாகத் தள்ளிவிட்டுப் படித்தேன்.

சேமியா வியாபாரி

அடுத்து பால்சாக் எழுதிய "கோரியோ கிழவர்". 1835-ல் புத்தகமாக வந்தது. கோரியோ சேமியா செய்து விற்றுப் பணம் சேர்த்த வியாபாரி. இரண்டு பெண்களையும் பெரிய இடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டு, பாரிசில் ஒரு மலிவான விடுதியில் தங்குகிறார்.

முதலில் வந்தபோது முதல் மாடியில் அறை. வருடத்துக்கு 1,200 பிராங்கு. பிறகு இரண்டாம் மாடி. அதற்கு 900. பிறகு மூன்றாம் மாடி. அங்கே மாதத்துக்கு 45. மாடி ஏற ஏற வாடகை இறங்குகிறது. கிழவரின் உடம்பும் இறங்குகிறது. பணம் எங்கே போகிறது என்று விடுதியில் இருப்பவர்களுக்கு விளங்கவில்லை. அத்தனையும் பெண்களின் பட்டுக்கும் கடனுக்கும் போகிறது. "அவர் மனம் நொந்தார்" என்று பால்சாக் எழுதிக்கொண்டிருக்கவில்லை. அறை வாடகையைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

அதே விடுதியில் ரஸ்தினியாக் என்ற மாணவன் இருக்கிறான். கிராமத்திலிருந்து சட்டம் படிக்க வந்தவன். பெரிய மனிதர் வீடுகளுக்குப் போக நல்ல உடுப்பு வேண்டும் என்று தாயாருக்குக் கடிதம் எழுதி 1,200 பிராங்கு கேட்கிறான். வீட்டில் இருந்த நகையை விற்று அனுப்புகிறாள் தாய். தங்கைகள் சேமிப்பைக் கவிழ்த்துக் கொட்டுகிறார்கள். பணத்தோடு வரும் கடிதத்தைப் பிரித்தபோது அவனுக்குக் கண்ணீர் வருகிறது. ஆனாலும் உடுப்பு தைக்கத்தான் போகிறான்! நம்மில் எத்தனை பேர் ஊருக்கு அப்படி ஒரு கடிதம் எழுதியிருப்போம்?

கோரியோ இறந்தபோது பெண்கள் இருவரும் சவ அடக்கத்துக்கு வரவில்லை. அவர்களுடைய கோச்சு வண்டிகள் மட்டும் பின்னால் வருகின்றன. உள்ளே ஆள் இல்லை. குழி வெட்டியவர்களுக்கு இனாம் கொடுக்க ரஸ்தினியாக்கிடம் காசில்லை. விடுதி வேலைக்காரனிடம் 20 சூ கைமாற்று வாங்குகிறான்.

பிளாபேர் எழுதிய "மேடம் பொவாரி" வேறு ரகம். 1857-ல் ஆசிரியர் மீது ஒழுக்கக்கேடு என்று வழக்குப் போட்டார்கள். விடுதலை கிடைத்தது. கணவனுக்குத் துரோகம் செய்த பெண்ணின் கதை என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அது கடன்பட்ட பெண்ணின் கதையாகத்தான் தெரிந்தது. துணிக்கடைக்காரன் லரோ வீட்டு வாசலுக்கே வந்து பட்டை விரிப்பான். இப்போது பணம் வேண்டாம், ஒரு கையெழுத்துப் போதும் என்பான். பிறகு அந்தச் சீட்டைப் புதுப்பிப்பான். வட்டி ஏறும். மறுபடி ஒரு கையெழுத்து. ஜப்தி நோட்டீஸ் கதவில் ஒட்டப்படும்போது காதலர்கள் ஒருவரும் உதவ மாட்டார்கள். அவள் விஷம் தின்கிறாள். அவளுடைய பெண் குழந்தை கடைசியில் பஞ்சாலைக் கூலியாகிறது. புரோநோட்டில் கையெழுத்துப் போடும் முன் எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டிய புத்தகம்.

புரூஸ்ட் என்பவருடைய நாவலையும் வாங்கினேன். ஒரு வாக்கியம் முடிவதற்குள் பங்காருப்பேட்டை வந்துவிடும். திருப்பிக் கொடுத்து வேறு புத்தகம் மாற்றிக்கொண்டேன்.

அப்படி மாற்றி வாங்கிய புத்தகம்தான் "ஜெர்மினல்".

சுரங்கத்துக்குள்ளே

எமிலி ஜோலா இதை 1885-ல் வெளியிட்டார். அதே 1880-களில்தான் தங்கவயலில் வெள்ளைக்காரர்கள் பெரிய அளவில் சுரங்கம் தோண்டினார்கள். வட ஆற்காடு பக்கத்திலிருந்து எங்கள் முன்னோர் மூட்டையோடு வந்து இறங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

ஜோலா அறையில் உட்கார்ந்து கற்பனை செய்தவர் அல்ல. 1884-ல் வட பிரான்சில் அன்சின் என்ற இடத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது அங்கே போய், நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிப் பார்த்தார். அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

கதை ஒரு குளிர் இரவில் தொடங்குகிறது. வேலை போன எட்டியன் என்ற வாலிபன் வேலை தேடி இருட்டில் நடந்து வருகிறான். சுரங்க வாசலில் ஒரு கிழவன் நிற்கிறான். மூன்று முறை சாவின் வாயிலிருந்து இழுத்துப் போடப்பட்டவன் என்பதால் "நல்ல சாவு" என்று அவனுக்குப் பட்டப் பெயர். கிழவன் இருமித் துப்புகிறான். துப்பியது கருப்பாக இருக்கிறது. 50 ஆண்டு நிலக்கரி!

எனக்கு இருமல் சத்தம் கேட்டே பழக்கம். அப்பா சுரங்கத்துக்குள் டிம்பர்மேன். பாறை இறங்காமல் மரத்தால் முட்டுக் கொடுப்பவர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போன சுரங்கம் அது. வேலைக்குப் போவார், வருவார், குளிப்பார், சாப்பிடுவார். உள்ளே என்ன நடந்தது என்று ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

அந்த வாரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, ரயிலில் படித்த பகுதியை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கதையாகச் சொல்லத் தொடங்கினேன்.

மாயு என்ற தொழிலாளியின் குடும்பம். காலை நான்கு மணிக்கு எழுந்து, நேற்றைய காபித் தூளிலேயே மறுபடி வெந்நீர் ஊற்றிக் குடித்துவிட்டு இறங்குகிறார்கள். 15 வயதுப் பெண் காத்தரீன் உள்ளே கரி வண்டி தள்ளுகிறாள். வீட்டில் ரொட்டி தீர்ந்துவிடுகிறது. மாயுவின் மனைவி, சுரங்கத்தில் பங்கு வைத்திருக்கும் பணக்காரர் வீட்டுக்குக் குழந்தைகளோடு போய் 100 சூ கேட்கிறாள். பணம் கொடுப்பது எங்கள் வழக்கமில்லை என்று சொல்லிப் பழைய கம்பளித் துணியும் குழந்தைகளுக்குக் கொஞ்சம் இனிப்பு ரொட்டியும் தருகிறார்கள்.

"அரிசிக்கு வழி கேட்டா துணியா குடுக்கறது?" என்றார் அம்மா.

மறுநாள் தகராறு தொடங்கும் இடம். கம்பெனி ஒரு புதுத் திட்டம் கொண்டுவருகிறது. முட்டு மரம் சரியாக வைப்பதில்லை என்று குறை சொல்லி, மரம் வைக்கும் வேலைக்கு இனித் தனிக் கூலி தருவோம் என்கிறது. இதைச் சொல்லி முடிக்கும் முன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப வண்டிக் கூலியக் குறைச்சிருப்பானே?"

ஆமாம். வண்டிக்கு 50 சென்டீம் இருந்ததை 40 ஆக்கினார்கள். நான் சொல்வதற்கு முன் அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று இரவு அப்பாதான் பேசினார்.

"மரம் முனகும்டா. முனகினா ஓடிடணும். பாறை முனகாது, ஒரேடியா வந்துடும்" என்று ஆரம்பித்தார். ஒரு ராக் பர்ஸ்ட்டில் பக்கத்தில் நின்ற ஆள் போனதைச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே அடுக்கிலிருந்து சோறு சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லையாம். அந்த அடுக்கை அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தவர் அப்பாதானாம். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். 30 வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவருக்கும் அது புதுச் செய்தி.

குதிரையின் கதை

வேலைநிறுத்தம் நடக்கிறது. பட்டினி வருகிறது. பட்டாளம் சுடுகிறது, மாயு சாகிறான். இவற்றைக் கேட்டு அப்பா தலையை ஆட்டினாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனசு குதிரையில் நின்றுவிட்டது.

சுரங்கத்துக்குள் வண்டி இழுக்கக் குதிரைகள் உண்டு. பத்தாண்டாக வெளிச்சமே பாராத ஒரு வெள்ளைக் குதிரை. புதிதாக இன்னொரு குதிரையை வலையில் கட்டிக் கீழே இறக்குகிறார்கள். அதன் மேல் வீசும் புல் வாசனையை முகர்ந்து கிழட்டுக் குதிரை கனைக்கிறது. புதுக் குதிரைக்கு இருட்டு ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச காலத்தில் செத்துப்போகிறது. "மேலே கொண்டாந்து விட்டிருந்தா பிழைச்சிருக்கும்" என்று அப்பா இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜோலா 1902-ல் இறந்தபோது சுரங்கத் தொழிலாளர்கள் சவ ஊர்வலத்தில் "ஜெர்மினல்! ஜெர்மினல்!" என்று முழக்கமிட்டுப் போனார்கள். அந்தச் சொல் பிரெஞ்சுப் புரட்சிக் காலண்டரில் ஒரு மாதத்தின் பெயர். விதை முளை விடும் மாதம். நம் பங்குனி, சித்திரைக்குச் சரியாக வரும். இதையும் அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

கடைசி அத்தியாயத்தைச் சொன்னது ஒரு சனிக்கிழமை இரவு. சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து காத்தரீன் சாகிறாள். உயிரோடு மீண்ட எட்டியன் ஊரை விட்டுக் கிளம்புகிறான். கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த மாயுவின் மனைவி, மிச்சமிருக்கும் வாய்களுக்காக அதே கம்பெனியின் சுரங்கத்தில் இறங்கி, காற்றாடிச் சக்கரம் சுற்றும் வேலையில் நிற்கிறாள்.

அப்பா சிறிது நேரம் கழித்துக் கேட்டார்: "அந்த அம்மாவுக்கு என்ன கூலி?"

"நாளுக்கு 30 சூ அப்பா."

"எத்தனை மணி நேரம்?"

"பத்து."

அப்பா விரலை மடக்கி என்னவோ கணக்குப் பார்த்தார். "கட்டாதே" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.