கோடைத் தீ: வாசலைப் போலக் கொல்லையையும் கூட்டுங்கள்!

“மலையடிவாரத்தில் 2 ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்பிலேயே ஓட்டு வீடும் மாட்டுக் கொட்டகையும் உள்ளன. ஒவ்வொரு கோடையிலும் மலையில் தீப்பிடிக்கிறது. வீட்டையும் மாடுகளையும் காப்பாற்ற என்ன செய்யலாம்?” என்று தேனி மாவட்ட வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி-பதில் பகுதியில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால், தனிக் கட்டுரையாகவே எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. இந்த விஷயத்தில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் அடிவாரக் கிராமங்களில் பணியாற்றியபோது, ‘தென்னை மட்டையை எரிக்காதீர்கள், மூடாக்காகப் போடுங்கள்’ என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தேன். ஒரு விவசாயி அதை அப்படியே செய்தார். மிஞ்சிய மட்டைகளைக் கொட்டகைச் சுவரை ஒட்டி அடுக்கி வைத்திருந்தார். அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல், பாராட்டிவிட்டு வந்தேன். அந்தப் பங்குனியில் மலையில் தீப்பிடித்தது. தீ தோப்புக்கு வரவே இல்லை, தூரத்திலேயே நின்றுவிட்டது. ஆனால், காற்றில் வந்த ஒரு பொறி மட்டைக் குவியலில் விழுந்தது. கொட்டகையும், உள்ளே கட்டியிருந்த சினைப் பசுவும் போயின. 40 அடி தள்ளியிருந்த வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டம்மா தினமும் கூட்டிச் சாணம் தெளிக்கும் வாசல்தான் நடுவில் இருந்தது. பொறி அங்கேயும் விழுந்திருக்கும். பற்றிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

தீ பறந்தும் வரும்

தீ தரையில் ஊர்ந்து வரும் என்றுதான் நாம் நினைக்கிறோம். காட்டுத்தீயை அதிகம் பார்த்த நாடு ஆஸ்திரேலியா. அங்கே விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று ஏற்பட்ட தீயில் 173 பேர் இறந்தார்கள். 2,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அந்த நாட்டில் காட்டுத்தீயில் எரிந்த வீடுகளை ஆராய்ந்தவர்கள் சொல்வது இதுதான்: பெரும்பாலான வீடுகள் தீச்சுவாலை நேரடியாகத் தொட்டு எரிவதில்லை. பறந்து வரும் பொறிகள் கூரையில் கிடக்கும் சருகிலும், சுவரோரம் அடுக்கிய விறகிலும் விழுந்துதான் எரிகின்றன. மலைத் தீயை நம்மால் நிறுத்த முடியாது. பொறி விழும் இடத்தில் சருகு இல்லாமல் செய்வது நம் கையில் இருக்கிறது.

தை, மாசியில் செய்ய வேண்டியவை

* வீட்டையும் கொட்டகையையும் சுற்றி 30 அடிக்குச் சருகு, காய்ந்த புல், விறகு, எருவாட்டி, தட்டை எதுவும் இருக்கக் கூடாது. ஓட்டு இடுக்கில் சேர்ந்த சருகையும் கூட்டித் தள்ளுங்கள். கூரை மேல் சாய்ந்த கிளைகளை வெட்டிவிடுங்கள்.

* வைக்கோல் படப்பு, வீட்டிலிருந்தும் கொட்டகையிலிருந்தும் 60 அடியாவது தள்ளி இருக்கட்டும். மின்கம்பிக்குக் கீழே வேண்டவே வேண்டாம். இடமிருந்தால் ஒரே பெரிய படப்பாகப் போடாமல், இரண்டாகப் பிரித்துத் தள்ளித் தள்ளிப் போடுங்கள். ஒன்று போனாலும் மாட்டுக்குத் தீவனம் மிஞ்சும்.

* மலையைப் பார்த்த எல்லையில், உங்கள் பட்டா நிலத்துக்குள் 10 அடி அகலத்துக்கு உழுது, வெறும் மண்ணாக வைத்திருங்கள். தண்ணீர் வசதி இருந்தால் அதற்கு உள்புறம் கம்பு நேப்பியர் தீவனப்புல்லை ஒரு பட்டையாகப் போடலாம். பச்சையாக இருக்கும்வரைதான் அது காவல். தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் அதுவே எரிபொருள்.

* தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி காற்றில் உரசினால் பொறி பறக்கும். இப்போதே மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள்.

* அடுப்புச் சாம்பலைத் தண்ணீர் தெளித்து அணைத்த பிறகே குப்பையில் கொட்டுங்கள்.

* வரப்புப் புல்லைக் கொளுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நாம் கொளுத்தும் தீ மலைக்கு ஏறினால் நமக்கும் ஆபத்து. வனச் சட்டப்படி குற்றமும்கூட.

அப்படியானால் மூடாக்கு வேண்டாமா?

வேண்டும். கோடையில் மண்ணின் ஈரத்தைக் காப்பாற்ற அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால், மரத்தைச் சுற்றிய பாத்திக்குள் போடுங்கள். தண்ணீர் பாயும்போது அது நனையும். எல்லையோரப் பட்டையிலும், வீட்டைச் சுற்றிய 30 அடியிலும் போடாதீர்கள். மிஞ்சும் மட்டையையும் கரும்புத் தோகையையும் தூளாக்கி, சாணக் கரைசல் தெளித்து, வீட்டுக்கு எட்டத்தில் மட்கு உரமாக்குங்கள். நான் அன்று சொல்லாமல் விட்டது இதைத்தான்.

தீ தெரிந்தவுடன்

முதலில் 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். கூரை வீடாக இருந்தால், பெரியவர்களையும் குழந்தைகளையும் உடனே ஊருக்குள் அனுப்பிவிடுங்கள். ‘கிட்டே வரட்டும், பார்க்கலாம்’ என்று காத்திருக்கக் கூடாது. பட்டா, பாஸ்புக், ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் மாசியிலேயே ஒரு பையில் போட்டு வைத்திருந்தால், எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

மாடுகளை, இழுத்தால் உருவிக்கொள்ளும் முடிச்சில் கட்டிப் பழகுங்கள். ஆபத்து நேரத்தில், புல் இல்லாத உழவுப் புழுதிதான் அவற்றுக்குப் பாதுகாப்பான இடம்.

தீ நேரத்தில் கரன்ட் போய்விடலாம். மோட்டாரை நம்ப முடியாது. தொட்டியையும் டிரம்களையும் கோடை முழுக்க நிரப்பி வையுங்கள். மருந்து வாடையே இல்லாமல் நன்றாகக் கழுவிய கைத்தெளிப்பானில் தண்ணீர் பிடித்து வைத்தால், கூரையில் விழும் பொறியை அணைக்க அதுவே போதும். நனைத்த சாக்கும் பச்சைத் தழைக்கொத்தும் கைவசம் இருக்கட்டும். பருத்தி உடை உடுத்துங்கள். நைலான், பாலியஸ்டர் துணிகள் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

மேட்டை நோக்கி ஒருபோதும் ஓடாதீர்கள். சரிவு 10 டிகிரி கூடினால், மேலே ஏறும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் 20-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த தீயை நம் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தீ அடங்கிய பிறகும் இரவு முழுக்க ஒருவர் விழித்திருங்கள். எருவாட்டிக் குவியலிலும் கூரை இடுக்கிலும் பொறி மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். சேதம் இருந்தால் மறுநாளே கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவியுங்கள். மாடு இறந்திருந்தால், புதைக்கும் முன் கால்நடை மருத்துவரை அழைத்துச் சான்று வாங்கிவிடுங்கள்.

இதில் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு நாள் உழவும், இரண்டு நாள் வீட்டாள் வேலையும்தான். தினமும் வாசலைக் கூட்டுகிற அதே விளக்குமாறு, கோடை முடியும்வரை வாரம் ஒருமுறை கொல்லைப் பக்கமும் போகட்டும். கேள்வி கேட்ட தேனி வாசகருக்கு ஒரு வார்த்தை: கொட்டகைச் சுவரோரம் மட்டை அடுக்கியிருந்தால், இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.