தட்சிணசித்ரா: பெயர்த்து வைத்த வீடுகளின் ஊர்

தட்சிணசித்ரா, சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் அமைந்துள்ள திறந்தவெளி அருங்காட்சியகம். டெபோரா தியாகராஜன் நிறுவிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் இதை உருவாக்கி, 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது. மனை அமைப்பை வகுத்தவர் லாரி பேக்கர். பின்னர் கட்டுமானத்தில் பெரும்பங்கு வகித்தவர் பென்னி குரியகோஸ். சுமார் 10 ஏக்கர் பரப்பில் தென்மாநிலங்களின் மரபு வீடுகள் தெருக்களாக நிற்கின்றன.

பழைய குடியிருப்புகளை மீட்டமைக்க இரண்டு வழிகள் உண்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் வைக்கிங்குகள் தங்கிய லான்ஸ் ஓ மெடோஸ் என்னுமிடத்தில் 1960இல் கண்டறியப்பட்டவை தரையில் பதிந்த சுவர்த் தடங்களே. அவற்றைக் கொண்டு ஊகித்துப் புல்மண் வீடுகளைப் புதிதாகக் கட்டினர். முட்டுக்காட்டில் நடந்தது வேறு. இடிபடவிருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்து, எடுத்துவந்து மறுபடி பூட்டினர்.

இதற்கு மரவேலையே கைகொடுத்தது. கேரளத்துப் பழைய வீடுகளில் உத்தரமும் பலகையும் ஆணியை நம்பாமல், பொளியும் கழுந்தும் மரமுளையுமாகப் பொருத்தப்பட்டவை. குறியிட்டுக் கழற்றினால் அதே வரிசையில் மீண்டும் கோக்கலாம். கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீடு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு நுழைபவர்கள் பொருள்களைப் பார்ப்பதோடு நில்லாமல், அண்ணாந்து மரப்பொருத்துகளையும் பார்க்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டின் தூண்களும் கதவும் அப்படியே. மண்சுவரைப் பெயர்க்க முடியாது; ஆகவே குயவர் வீடு, கூடை முடைபவர் வீடு போன்றவற்றைப் பழைய முறையில் புதிதாகவே எழுப்ப வேண்டியிருந்தது. வசதி படைத்தவர் வீட்டின் மரம் அசலாகவும், எளியவர் வீட்டின் சுவர் நகலாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். பார்வையாளர் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

வீடு வந்தது, ஊர் வரவில்லை என்பதும் உண்மை. திருநெல்வேலிப் பக்கத்து அக்ரகார வீடு இங்கே நிற்கிறது. அதன் பின்புறத்து வாய்க்காலும் வயலும் இல்லை. ஆனால் மதில் தாண்டினால் உயிருள்ள நிலம் இருக்கிறது. முட்டுக்காட்டுக் கழி கடலில் கலக்கும் முகத்துவாரமும், சற்றுத் தெற்கே கோவளம் மீனவர் குப்பமும் அருகிலேயே உள்ளன. வீடுகளைப் பார்த்த கையோடு அங்கும் சென்று வருவது நல்லது. செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு இங்கே இன்னொரு கேள்வியும் எழும். வேம்பார் முதல் மணப்பாடு வரையிலான பரதவர் ஊர்களில் கோயிலும் கல்வீடும் நிலைத்தன. முத்துக்குளிப்புக் காலத்துக் கரைக்குடியிருப்புகளோ கம்பும் ஓலையும் கொண்டு எழுந்தவை. 1905இல் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் பல்லாயிரம் பேருக்கு அப்படியொரு நகரமே எழுந்தது. சிப்பி ஏலம் முடிந்ததும் சந்தையும் குடிசைகளும் கலைந்துவிடும். தூத்துக்குடிப் பக்கம் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோனது. அந்த ஓலை நகரங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவர ஓர் உத்தரம்கூட மிஞ்சவில்லை.