மாதத்துக்கு மூன்றரை வட்டி



இரவு கடை கட்டும்போது கணக்கில் பத்து ரூபாய் உதைத்தால்கூட உட்கார்ந்து திரும்பக் கூட்டிப் பார்க்கிறவர்கள் நாம். ஆனால் வீட்டுக்கு வரும் கிரெடிட் கார்டு பில்லை நம்மில் எத்தனை பேர் கடைசி வரி வரை படிக்கிறோம்?

தீபாவளிச் சரக்கு எடுக்க வந்த மளிகைக்காரர் ஒருவர், பழைய பாக்கியில் பாதிதான் இப்போது தர முடியும் என்றார். நாணயமானவர், வியாபாரமும் மோசமில்லை. மெல்ல விசாரித்தோம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும், வீட்டுக்கு வாங்கிய பிரிட்ஜுக்கும் கார்டைப் போட்டிருக்கிறார். "குறைந்தபட்சத் தொகையை ஒரு மாதம்கூட விடாமல் கட்டுகிறேன் அண்ணாச்சி. பாக்கி மட்டும் குறைய மாட்டேன் என்கிறது" என்றார்.

பில்லை வாங்கி நாமே கூட்டிப் பார்த்தோம். பாக்கி 40,000 ரூபாய். குறைந்தபட்சத் தொகை அதில் 5 சதவீதம், அதாவது 2,000. அதைக் கட்டியதும் மிச்சம் 38,000. அவருடைய கார்டுக்கு வட்டி மாதம் மூன்றரை. அது 1,330 ரூபாய். வட்டிக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., அது 239. ஆக, கட்டிய இரண்டாயிரத்தில் 1,569 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போக, அசலில் குறைந்தது 431 ரூபாய்தான். கடைத்தெருவில் ஒருவர் மூன்றரை வட்டி கேட்டால் நாம் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுவோம். அதுவே அச்சடித்த காகிதத்தில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிறோம்.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. பில் தொகையை முழுமையாகக் கட்டுகிறவருக்கு, வாங்கிய நாளைப் பொறுத்து ஏறக்குறைய 45, 50 நாள் வரை வட்டியில்லாக் கடன் கிடைக்கிறது. நாம் சரக்குக்குத் தரும் தவணையைவிட அது தாராளம்தான். ஆனால் பழைய பாக்கி கொஞ்சம் நின்றாலும் அந்தச் சலுகை போய்விடும். அதற்குப் பிறகு அந்தக் கார்டில் ஒரு சேலை எடுத்தாலும், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டுப் பணமாக எடுத்தாலோ, வட்டி முதல் நாளே தொடங்கிவிடும். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

நம்மவர்கள் சிலர், சொந்தக் கார்டைச் சொந்தக் கடை மெஷினிலேயே தேய்த்துப் பணமாக்குகிறார்கள். சரக்கு விற்காமல் விற்றதாகக் காட்டுவதை வங்கி ஒப்புக்கொள்வதில்லை. கண்டுபிடித்தால் மெஷினையே எடுத்துக்கொண்டு போய்விடலாம். மெஷின் கமிஷன் போகிற நஷ்டம் வேறு.

நோய்க்கு மூலம் கார்டு அல்ல, கல்லாதான். வீட்டுச் செலவுக்குக் கல்லாவில் அவ்வப்போது கைவிடுவதால், வீட்டுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்பதே நமக்குத் தெரிவதில்லை. மாதம் ஒரு தொகையைச் சம்பளம்போல வீட்டுச் சேமிப்புக் கணக்கில் போட்டு, கார்டு பில்லை அதிலிருந்துதான் கட்டுவது என்று நம் வீட்டில் வைத்திருக்கிறோம். முதல் நாலைந்து மாதம் வீட்டில் முணுமுணுப்பு இருந்தது உண்மை. கடையின் நடப்புக் கணக்கில் பொதுவாக வட்டி கிடையாது, சும்மா கிடக்கும் பணத்தை அங்கே தூங்கவிட வேண்டியதில்லை. 2020 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு 5 லட்ச ரூபாய். தனியொருவர் நடத்தும் கடையானால், அதே வங்கியிலுள்ள அவருடைய கடைக் கணக்கையும் சொந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் அந்த 5 லட்சம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

வேண்டாத கார்டை, பாக்கி தீர்த்து மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தால், ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது 2022-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி.

அந்த மளிகைக்காரர் வீட்டு நகையை வங்கியில் வைத்து, கார்டு பாக்கியை ஒரே தடவையில் அடைத்துவிட்டார். நகைக் கடனுக்கு வட்டி வருடத்துக்குப் பத்துச் சதவீதத்தை ஒட்டித்தான். நமக்கு வர வேண்டிய மீதிப் பாதி பொங்கலுக்குத்தான் வந்தது. காத்திருந்தோம்.