‘லிமிட்டெட்’ என்றால் கடன் பிடிக்காதா?

வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் காசில் ஊரில் ஒரு தொழிலை வாங்க நினைப்பவர்கள், கணக்கு வேலை செய்யும் என்னிடம் கேட்பது இதைத்தான்: “லிமிட்டெட் கம்பனிதானே, பழைய கடன் எங்களைப் பிடிக்காதுதானே?” பாதிதான் சரி.

முதலில் அது கம்பனிதானா என்று பாருங்கள். ‘அன் சன்ஸ்’ என்று பலகை போட்ட பல கடைகளும் ஆலைகளும் வெறும் வியாபாரப் பெயர்ப் பதிவு மட்டுமே. அங்கே கடன் உரிமையாளரின் வீடு வளவு வரை போகும். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிந்த கம்பனியோ சட்டப்படி ஒரு தனி ஆள். அதன் சொத்தும் கடனும் அதனுடையவை. பங்குக்காரர் போட்ட காசை இழக்கலாம். அதற்கு மேல் பொதுவாக அவரைக் கேட்க முடியாது.

சிக்கலும் அந்தத் ‘தனி ஆளில்’தான். ஒரு அரிசி ஆலைக் கம்பனியின் பங்குகளை வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். முதலாளி மாறுகிறார், கம்பனி மாறவில்லை. முன்னையவர் கட்டாமல் விட்ட ஊழியர் சேமலாப நிதி (முதலாளி பங்கு 12 வீதம், தொழிலாளி பங்கு 8 வீதம்), ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம், வரி, வங்கிக் கடன் எல்லாம் அப்படியே இருக்கும். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், 5 வருடம் முடித்தவர்களின் பழைய சேவைக்காலப் பணிக்கொடையும் சேரும். உங்கள் வீடு தப்பும். ஆனால் ஆலைக்குக் கொடுத்த முழுக் காசையும் பழைய கடன் தின்றுவிடலாம்.

அதனால் சிறு தொழிலென்றால் பங்கை விட்டு, இயந்திரத்தையும் சரக்கையும் பெயரையும் உங்கள் புதுக் கம்பனிக்கு வாங்குங்கள் என்பேன். அப்போதும் இயந்திரம் ஈட்டிலோ லீசிங்கிலோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கம்பனியின் ஈடுகள் பற்றிய பதிவைக் கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம்.

காணியும் சேர்ந்து வந்தால் இன்னொன்று. இலங்கைக் குடியுரிமை இல்லாத உறவினர் 50 வீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பனிக்குக் காணி எழுதுவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. விதிவிலக்குகள் சிலவே. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

கடைசியில் வங்கி. சிறு கம்பனிக்குக் கடன் கொடுக்கும்போது பணிப்பாளர்களிடம் தனிப்பட்ட பிணைக் கையெழுத்தும் கேட்பார்கள். படிவக் கட்டுக்குள் அது ஒரு தாள்தான். அதில் கையெழுத்து வைத்த பிறகு, அந்தக் கடனைப் பொறுத்தவரை ‘லிமிட்டெட்’ உங்களைக் காக்காது.