ஞாயிற்றுக்கிழமைகள் வென்ற எண்

நாம் 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, விடையில் ஒன்றைக் கழித்தால் 147,573,952,589,676,412,927 என்னும் 21 இலக்க எண் கிடைக்கும். ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத முதன்மை எண் இது எனப் பிரெஞ்சுத் துறவியார் மெர்சென் 1644 இல் எழுதினார்.

1876 இல் லூக்காஸ் என்னும் கணித அறிஞர், இது முதன்மை எண்ணன்று என நிறுவினார். ஆயினும் அதன் காரணிகள் எவையென அவராலும் கூற இயலவில்லை. வகுபடும் என்பது தெரிந்தும் எதனால் வகுபடும் என்பது தெரியாத விந்தையை என்னென்போம்!

1903 ஒக்டோபர் 31 ஆம் நாள் நியூயோர்க்கிற் கூடிய அமெரிக்கக் கணிதச் சங்கத்தில் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல் எழுந்தார். வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையின் ஒரு புறம் அவ்வெண்ணைக் கணித்தெழுதினார்; மறுபுறம் 193,707,721 ஐ 761,838,257,287 ஆற் பெருக்கினார். விடைகள் இரண்டும் ஒன்றாயின! ஒரு சொல்லும் பேசாது அவர் அமர, அவையோர் கரவொலி எழுப்பினர் என்பர். மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயின என அவர் பின்னர் கூறினாராம்.

இன்று கணினி இக்காரணிகளை நொடிப்பொழுதிற் கண்டுவிடும். எனினும் பல நூறு இலக்க எண்களின் முன் அதுவும் திகைக்கிறது. பெருக்குதல் எளிது, பிரித்தலே அரிது. அவ்வருமையே நம் இரகசியச் செய்திகளுக்குக் காவலாயும் நிற்கின்றது.

மாணவர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை தாளும் பென்சிலும் எடுத்து அப்பெருக்கலை நாமும் செய்து பார்ப்போமா?